மெட்டி போட்ட சக்கரங்கள்

புது ரப்பரின் வாசனை எனக்கு ஆகாது. சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாது, சிலருக்கு மைத்துனன் ஆகாது, எனக்கு ரப்பர். தடிப்பு, அரிப்பு என்று எதுவும் வருவதில்லை. இரண்டு காதும் சூடாகிவிடும், அவ்வளவுதான். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் வாங்கக் கீழே இறங்கினேன். பாலிகஞ்சில் எங்கள் கட்டடத்து லிஃப்ட் கதவு திறந்ததுமே காது சூடானது. யாரோ டயர் மாற்றியிருக்கிறார்கள் என்று கண்ணுக்கு முன்னால் காது கண்டுபிடித்துவிட்டது.

மூன்றாவது மாடி அரவிந்த்தான். சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் வேலை. பிறந்ததும் வளர்ந்ததும் இங்கேயே என்பதால் அவன் தமிழ் வங்காளச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கும். வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பனியன் துணியால் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். பெரிய, கறுப்பு அலாய் சக்கரங்கள். அவற்றைச் சுற்றி டயர் இருக்கிறதா என்றால், இருந்தது, தேடினால் கிடைக்கும்.

"அங்கிள், ஏக்டு... கொஞ்சம் பாருங்களேன். லுக் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"உக்காந்து பாருங்க அங்கிள். ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

குலுக்கல் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சட்டைக்குள் இடுப்புப் பட்டை இருக்கிறது. கையில் பால் பாக்கெட்டும் இருந்தது. நல்ல சாக்குகள் மூன்று. ஆனால் புதுச் சக்கரம் மாட்டி, அதைத் தன் பனியனால் துடைத்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதனின் முகத்தைப் பார்த்து 'வேண்டாம்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். பல வருஷம் முன்னால் தினமும் காலையில் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். ஏறி உட்கார்ந்தேன்.

அந்த நாளில் எனக்கு முப்பத்தைந்து வயதுக்குள். மத்திய அரசாங்க உத்தியோகம், மாற்றலாகி இந்த ஊருக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஒருநாள் சம்பளக் கமிஷன் நிலுவை மொத்தமாக வந்து சேர்ந்தது. நிலுவை என்பது ஓர் அரசாங்க ஊழியனின் புத்தியை என்ன செய்யும் என்று எந்த வைத்தியனும் எழுதிவைக்கவில்லை. சிலர் ஊரில் மனை வாங்கினார்கள். சிலர் அப்பா அம்மாவைக் காசிக்கு அழைத்துப் போனார்கள். நான் சக்கரம் வாங்கினேன்.

எங்களிடம் ஒரு வெள்ளைக் கார் இருந்தது. மாற்றலாகிப் போன ஓர் அதிகாரியிடமிருந்து கைமாறி வந்த சின்ன செடான். அழகு என்று சொல்ல முடியாது, ஒழுக்கமான வண்டி. பின்சீட்டில் ஒரு பாத்திரம் நிறையத் தயிரை வைத்து ஊரைச் சுற்றி வந்தாலும் ஆடை கலையாது. சக்கரங்கள் சிறியவை, டயர்கள் உப்பினாற்போல் இருக்கும், இட்லி மாதிரி. நான்கு சக்கரத்துக்கும் பிளாஸ்டிக் மூடி. அதில் ஒன்று ஒரு மழைநாளில் பள்ளத்தில் விழுந்து காணாமல் போக, அதற்குப் பதிலாகக் கிடைத்தது வேறு டிசைன். அலுவலக வாசலில் இருந்த காவலாளி அந்த ஒற்றை மூடியைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான், பிறகு விசிலை ஊதி ஜெனரேட்டர் பக்கம் கையைக் காட்டுவான். மற்றவர்களின் வண்டிகள் வேப்பமரத்து நிழலில் நிற்கும். என்னுடையது டீசல் புகையில் நிற்கும். மூன்று வருஷம் பொறுத்தேன். நிலுவை வந்தபோது முதலில் அந்த விசில்தான் காதில் கேட்டது.

மல்லிக் பஜார் பக்கம் ஒரு கடை. உரிமையாளர் பெயரை மொண்டல் என்று வைத்துக்கொள்வோம். வசந்தாவும் கூட வந்திருந்தாள். அவள் என் மனைவி. எனக்கு இருக்கும் ஒரே எதிர்க்கட்சி. கடைக்குள் நுழைந்ததும் அந்த வாசனை. புது டயர், புதுப் பாய், புதுப் புத்தகம் மூன்றையும் சேர்த்து வெயிலில் வைத்தது போல. அன்றைக்கு அது எனக்குப் பிடித்திருந்தது.

மொண்டல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "லுக் சாஹியே, யா ஆராம்?" தோற்றம் வேண்டுமா, சௌக்கியம் வேண்டுமா.

"ரெண்டும்" என்றேன்.

"ஹோபே, ஹோபே" என்றார்.

ஆகும், ஆகும். இந்த ஊரில் யாராவது இரண்டு முறை 'ஹோபே' என்றால் அது நடக்காது என்று அர்த்தம். எனக்கு அது அப்போதே தெரியும். தெரிந்தும் அன்றைக்கு நம்பினேன். மொண்டல் கெட்டவர் இல்லை, ஞானியும் இல்லை. எதைக் காட்டினாலும் "தாருண்!" என்பார். அபாரம் என்று பொருள். நான் தேர்ந்தெடுத்த கறுப்புச் சக்கரத்தையும் தாருண் என்றார். கழற்றிக் கீழே போட்ட பழைய பிளாஸ்டிக் மூடியையும் தாருண் என்றார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வசந்தா குனிந்து பார்த்தாள். "டயர் எங்கே?"

"இதோ. இதுதான்."

"இது டயரா? சக்கரத்துக்கு மெட்டி போட்டாப்ல இருக்கு."

நான் அவளுக்கு விளக்கினேன். பத்திரிகைகளில் படித்ததெல்லாம் நாக்கில் வந்து நின்றது. டயரின் பக்கச் சுவர் தாழ்வாக இருந்தால் வண்டி தரையைப் பிடித்துக்கொள்ளும், வளைவில் வேகமாகத் திரும்பினாலும் சாயாது என்றேன்.

"இந்த ஊர்ல வளைவுல எப்போ வேகமாத் திரும்பியிருக்கேள்?"

எதிர்க்கட்சியின் கேள்விக்கு எழுத்துமூலம் பதில் அளிக்கப்படும் என்கிற மாதிரி ஒரு முகத்தை வைத்துக்கொண்டேன்.

இந்த ஊரில் வாழும் தமிழனின் கார் பாக்கியம் செய்தது. புரட்டாசி பிறக்கும்போது விசுவகர்மா பூஜைக்கு வங்காளிகள் ஒரு மாலை போடுவார்கள். அப்புறம் ஆயுத பூஜைக்கு நாம் ஒன்று போடுவோம். வருஷத்தில் இரண்டு மாலை அதன் சொந்தக்காரனுக்குக்கூடக் கிடையாது. நான் பண்டிகை வரை காத்திருக்கவில்லை. அன்றைக்கே கட்டட வாசலில் சந்தனம், குங்குமம், தேங்காய், நான்கு சக்கரத்துக்கும் கீழே நான்கு எலுமிச்சம்பழம். வசந்தாவைப் பக்கத்தில் உட்காரவைத்து வண்டியை நகர்த்தினேன். பழங்கள் நசுங்கின.

"எப்படி?" என்றேன்.

"எலுமிச்சம்பழம் ஏறி எறங்கினது முதுகுல தெரிஞ்சுது" என்றாள்.

மறுநாள் காவலாளி விசில் ஊதவில்லை. சல்யூட் அடித்தான். வேப்பமர நிழலில் இடம் காட்டினான். மனிதன் எதற்கெல்லாம் விலைபோவான் என்று வேதாந்த நூல்களில் தேட வேண்டியதில்லை. அன்று மதியம் நான் சாப்பிடும் நேரத்தில் இரண்டு தரம் ஜன்னலுக்குப் போய்க் கீழே பார்த்தேன். வண்டி, நிழல், சக்கரம். மோர்சாதம்கூட இனித்தது.

அந்த மாதத்திலிருந்து எங்கள் நண்பர்களிடையே திடீரென்று எல்லாருக்கும் நடைப்பயிற்சியில் ஆர்வம் பிறந்தது. "வாங்கோ, வண்டில விட்டுடறேன்" என்றால், "இல்லை, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்" என்பார்கள். ஒருவருக்குக் கறிகாய் வாங்க வேண்டியிருக்கும். இன்னொருவர் வழியில் யாரையோ பார்க்க வேண்டும் என்று, யாரும் வசிக்காத ஒரு மூலையில் இறங்கிக்கொள்வார். இறங்கியபின் எல்லாரிடமும் நான் கேட்பேன்: "எப்படி இருக்கு?" எல்லாரும் சொல்வார்கள்: "நல்லா இருக்கு." நம் ஜனங்களின் நாகரிகத்தைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ சொல்கிறார்கள். முதுகெலும்பு நொறுங்கும்போதும் 'நல்லா இருக்கு' என்பதைவிடப் பெரிய நாகரிகத்தை நான் கண்டதில்லை.

அந்த நாகரிகத்தின் உச்சம் கணேசன் மாமா.

எங்கள் கட்டடத்தில் கீழ்வீடு. துறைமுகத்தில் வேலை, ஓய்வு பெறச் சில வருஷம் இருந்தது. நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்கு அடுப்பு வாங்கிக் கொடுத்தவர், வசந்தாவுக்கு டைபாய்டு வந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னோடு உட்கார்ந்திருந்தவர். அவருக்கு முதுகில் எப்போதோ ஒரு தகராறு. வேட்டிக்கு மேலே அகலப் பட்டை கட்டிக்கொண்டு, பட்டைக்கு மேலே சட்டை போட்டுக்கொள்வார். ஒரே பெண் காயத்ரி. ட்ராமில் பள்ளிக்கூடம் போய், ட்ராமில் காலேஜ் போய், அப்பாவையே சில சமயம் 'பாபா' என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்ளும் பெண். அவளுக்குத் திருச்சியிலிருந்து ஒரு நல்ல வரன் அமைந்தது. பிள்ளை, அப்பா, அம்மா மூவருக்கும் பரம திருப்தி. ஆனால் பிள்ளைக்கு ஓர் அத்தை இருந்தாள்.

பெண் பார்க்க வந்த அன்று அந்த அத்தை கேட்ட ஒரே கேள்வி: "பொண்ணு தமிழ்ல கனவு காணுவாளா, வங்காளத்துலயா?" எல்லாரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து கல்யாணம் முடியும்வரை அந்த அத்தையை நினைத்தே அவருக்குத் தூக்கம் போனது. சகுனம் பார்ப்பவள், ஒருமுறை பூனை குறுக்கே போனதற்காக நிச்சயமான ஒரு சம்பந்தத்தையே கலைத்தவள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

கல்யாணப் பத்திரிகை வைக்க மாமாவை நான்தான் அழைத்துப் போனேன். சால்ட் லேக்கில் சில வீடுகள், பிறகு ஹௌரா தாண்டி சாந்த்ராகாச்சியில் ரயில்வேக்காரர்கள் சிலர். அங்கே ரயில்வே யார்டுக்குப் போகும் சாலை அப்போது எப்படி இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். பள்ளங்களுக்கு நடுவே மரியாதைக்குக் கொஞ்சம் சாலை போட்டிருந்தார்கள். மாமா பின்சீட்டில் ஜன்னலுக்கு மேலே இருக்கும் பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் பார்த்து, "எப்படி மாமா?" என்றேன்.

"ஜோரா இருக்குடா. கப்பல் மாதிரி."

துறைமுகத்துக்காரர் கப்பல் மாதிரி என்கிறாரே, இதற்கு மேல் என்ன சான்று வேண்டும் என்று எனக்குப் பெருமை. கடைசிப் பத்திரிகையும் வைத்தானதும் மாமா ஸ்டேஷன் வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"நீ போப்பா. நான் ட்ரெயின்ல வந்துடறேன்."

"ஏன் மாமா?"

"ட்ரெயின்ல நல்லாக் காத்து வரும்."

மாலை நேரத்து லோக்கல் ரயிலில் காற்று எந்த வழியாக வரும் என்று நான் யோசிக்கவில்லை. மனிதர் வினோதமானவர் என்று நினைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினேன். இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரிய ஒரு கல்யாணம் தேவைப்பட்டது.

ஆவணி மாதம். மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வேண்டும் என்று சம்பந்தி வீட்டில் ஆசைப்பட்டார்கள். இந்த ஊரில் மழை ஓயாத ஆவணியில் திறந்த கார் என்பது ஓடும் குளியல் தொட்டி. மாமா என் வீட்டுக்கு வந்து, உட்காராமல் நின்றபடியே கேட்டார். "உன் வண்டியத் தருவியாடா? பளபளன்னு இருக்கணும்னு எல்லாம் இல்லை. நிக்காம போய்ச் சேரணும். அந்த அம்மா ஒண்ணும் சொல்லாம இருந்தாப் போறும்."

அவர் கேட்டது அது ஒன்றுதான். எனக்குக் காதில் விழுந்ததோ 'பளபள' மட்டும். அன்று காலை முழுக்கப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சக்கரங்களைத் துலக்கினேன். கறுப்பில் முகம் தெரிந்தது.

கல்யாண வீட்டில் இன்னொரு பிரச்சினை. சீர் பட்சண டின்கள் மண்டபத்துக்குப் போக வேண்டும், டெம்போக்காரன் வரவில்லை. முறுக்கு, தேன்குழல், அதிரசம், மனோகரம் என்று தகர டின்கள் மாமா வீட்டு வாசலில் வரிசையாக நின்றன. என் வண்டியின் டிக்கியில் பாதிதான் கொண்டது. அப்போது எனக்குள்ளிருந்து ஒரு வள்ளல் புறப்பட்டான். "ஸ்டெப்னிய எடுத்து வெளில வெச்சுட்டா மிச்சமும் கொள்ளும் மாமா!" என்றேன். ஸ்டெப்னிச் சக்கரம் இருந்த குழியில் சீர் முறுக்கு டின் அளவெடுத்துச் செய்தது போலப் போய் உட்கார்ந்தது. எல்லாரும் என் சாமர்த்தியத்தைப் பாராட்டினார்கள். ஸ்டெப்னியை மாமா வீட்டு வராந்தாவில், வாழை இலைக் கட்டுக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்தேன். காரில் ஐந்தாவது சக்கரத்துக்குப் பதில் முறுக்கை ஏற்றிக்கொண்டு ஊர்வலம் கிளம்பும் புத்தி வேறு எந்த ஜாதி ஜனத்துக்கு வரும், சொல்லுங்கள்.

சாயங்காலம். லேக் மார்க்கெட் பக்கம் இருக்கும் நம் கோயிலிலிருந்து புறப்பாடு. கரக்பூரிலிருந்து வந்த நாதஸ்வரம், தவில் முன்னால். பின்னால் என் வண்டி. ஸ்டியரிங்கில் நான், பின்சீட்டில் கோட்டு சூட்டும் மாலையுமாக மாப்பிள்ளை. ஆறடிக்கு மேல் உயரம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் தலை கூரையில் மிருதங்கம் வாசித்தது. "ஸாரி" என்பேன். "பரவாயில்லை சார்" என்பார். அவருக்குப் பக்கத்தில் அத்தை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு தெய்வத்தின் பெயரைச் சொன்னாள். சந்து முடிவதற்குள் முப்பத்து முக்கோடியில் பாதி ஆகிவிட்டது.

சந்திலிருந்து ராஷ்பிஹாரி அவென்யூவில் ஏறி, நடுவிலிருக்கும் ட்ராம் லைனைத் தாண்டித்தான் மண்டபம் பக்கம் திரும்ப வேண்டும். நாதஸ்வரக்காரர்கள் தாண்டிவிட்டார்கள். நான் லைனில் ஏறும்போது இடப்பக்கம் ட்ராம் வந்துகொண்டிருந்தது. மணி அடித்தது. ட்ராம் என்ன ராக்கெட்டா? கிழவர் மாதிரி வரும். நின்று நிதானமாகப் போயிருக்கலாம். நான் பயந்து ஆக்சிலரேட்டரை மிதித்தேன். தண்டவாளத்தை ஒட்டிக் காங்கிரீட் பெயர்ந்த பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்றிருந்தது. முன்சக்கரம் அதற்குள் இறங்கியது.

டமார்!

அதிர்வேட்டு என்று நினைத்து நாதஸ்வரக்காரர்கள் உற்சாகமாகக் கெட்டிமேளம் வாசித்தார்கள்.

இறங்கிப் பார்த்தேன். டயர் கிழிந்திருந்தது. நான் பிரஷ்ஷால் துலக்கிய சக்கரம் அப்பளம் போல ஒரு பக்கம் உடைந்திருந்தது. வண்டி லைனுக்குக் குறுக்கே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தது. ட்ராம் நின்றது. அதன் பின்னால் பஸ் நின்றது. பக்கத்தில் வந்து நின்ற மஞ்சள் டாக்சிக்காரர் தலையை நீட்டி, "தாதா, டயர் மாட்டவே மறந்துட்டீங்களா?" என்று வங்காளத்தில் கேட்டார். ஊர்வலத்தில் நடந்து வந்த யாரோ, "ஸ்டெப்னிய எடுங்கோ, ஸ்டெப்னிய எடுங்கோ!" என்று கத்தினார்கள். டிக்கியைத் திறந்தேன். முறுக்கு டின்கள் என்னைப் பார்த்தன.

அந்தக் கணத்தில் நான் மாமாவின் முகத்தைப் பார்த்திருக்கக் கூடாது. அவர் ஓடிவந்து நின்றார். என்னைத் திட்டவில்லை; என்னைப் பார்க்கவே இல்லை. அத்தையின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். கீழே விழப்போகும் கண்ணாடிப் பாத்திரத்தைப் பார்ப்பது போல.

அத்தை மெல்ல இறங்கினாள். "மாப்பிள்ளை அழைப்புல வண்டி நின்னுடுத்து" என்றாள். அவ்வளவுதான். குரலை உயர்த்தக்கூட இல்லை.

"ஒண்ணுமில்லை மாமி, ரெண்டு நிமிஷம், டாக்சி..." என்றார் மாமா. டாக்சிக்காரர் இந்த ஊர்த் தர்மப்படி "ஜாபோ நா", வர முடியாது, என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"மாப்பிள்ளைய மீட்டர் போட்டு அழைச்சுண்டு போகப் போறேளா? இல்லை, சேத்துல நடக்க விடப் போறேளா?" என்றாள் அத்தை.

மாமாவின் கை முதுகுப் பட்டைக்குப் போனது. எனக்குக் காது சூடானது அன்றுதான் முதல் தடவை. கிழிந்த ரப்பரின் வாசனை காற்றில் இருந்தது.

அதற்குள் ட்ராமிலிருந்து ஜனங்கள் இறங்கிவிட்டார்கள். "கீ ஹோலோ?", என்ன ஆச்சு, என்றபடி டிரைவரும் வந்தார். மாலையும் கோட்டுமாக மாப்பிள்ளையைக் கண்டதும் "பியே! பியே!" என்று, கல்யாணம் கல்யாணம் என்று, ட்ராம் முழுக்கப் பேச்சு பரவியது. பத்துப் பன்னிரண்டு பேர், தவில்காரரும் சேர்ந்து, வண்டியைத் தூக்கியும் இழுத்தும் லைனைவிட்டு ஓரமாக நகர்த்தினார்கள். உடைந்த சக்கரம் தார் ரோட்டில் உராயும் ஓசை எனக்குப் பல்லில் கேட்டது.

மாப்பிள்ளை அப்போதுதான் வாயைத் திறந்தார். "மாமா, இந்த ட்ராம் மண்டபத்துப் பக்கமாத்தானே போறது?"

"ஆமா... ஆனா ட்ராம்லயா? அத்தை என்ன நினைப்பா?"

"காயத்ரி ஃபோன்ல பாதி நேரம் ட்ராமப் பத்தித்தான் பேசுவா மாமா. வந்ததுலேர்ந்து ஏறணும்னு ஆசை. யார்கிட்டக் கேக்கறதுன்னு தெரியலை."

டிரைவருக்கு விஷயத்தைச் சொன்னதும் அவர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து முன்பெட்டியில் ஏற்றினார். மாமா கண்டக்டரிடம் டிக்கெட் கேட்டார். "ஜாமாய்க்கு டிக்கெட்டா? எங்க பாடா ஜாமாய்!" என்று கண்டக்டர் பையை மூடிக்கொண்டார். இந்த ஊரில் மருமகனுக்குத் தனி மரியாதை. பேட்டை மருமகன் என்றால் கேட்கவே வேண்டாம். பிள்ளை படியில் கால் வைத்ததும், பெண்கள் இருக்கையிலிருந்த வங்காளப் பெண்கள், காய்கறிப் பையும் ஆபீஸ் பையுமாக, எல்லாரும் ஒன்றாக நாக்கைச் சுழற்றி உலு உலு என்று நீளமாக ஒலி எழுப்பினார்கள். இங்கே மங்கள காரியம் எதுவும் அது இல்லாமல் நடக்காது.

அத்தை ஒரு காலைத் தரையிலும் ஒரு காலைப் படியிலும் வைத்தபடி அப்படியே நின்றாள்.

"குலவை போடறாளே!" என்றாள். "ஊர் பேர் தெரியாத பொண்கள்லாம் குலவை போட்டு எங்காத்துப் பிள்ளைய அழைக்கறாளே! நம்ம பக்கத்துலயே இதெல்லாம் போயிடுத்தே, கணேசன்!"

அதுவரை அவள் மாமாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாமாவின் கை முதுகிலிருந்து இறங்கியது.

டின்கள் ஜன்னல் வழியாக ஏறின. ஊர்வலத்தில் வந்தவர்கள் ஏறினார்கள். முன்னால் நாதஸ்வரம் நடக்க, பின்னால் ட்ராம் மணியடித்துக்கொண்டு அதே நடையில் புறப்பட்டது. ட்ராமைத் தவிர உலகத்தில் எந்த வண்டிக்கும் அவ்வளவு பொறுமையாகப் போகத் தெரியாது. வசந்தா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

"நான் வண்டியப் பாத்துக்கறேன்" என்றேன், யாராவது கேட்டது போல.

அவள் மடியிலிருந்த டின்னைத் திறந்து ஒரு சீர் முறுக்கை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினாள். "பசிக்கும். வெச்சுக்கோங்கோ."

ராஷ்பிஹாரி அவென்யூ ஓரத்தில், மூன்று சக்கரத்தில் நிற்கும் ஒரு வண்டிக்குப் பக்கத்தில், சாப்பாட்டுத் தட்டளவு முறுக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். நல்ல வட்டம். சுற்றுச்சுற்றாக நல்ல வேலைப்பாடு. என் சக்கரத்தைவிடக் கெட்டி. போகிற வருகிற பஸ்ஸிலிருந்தெல்லாம் ஜனங்கள் முறுக்கையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நாதஸ்வரம் தூரத்தில் தேய்ந்துகொண்டே போனது. மெக்கானிக் ஒருவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன்; அவரும் 'ஹோபே, ஹோபே' என்றிருந்தார்.

மெக்கானிக் வரவில்லை. மாமா வந்தார்.

மண்டபத்திலிருந்து நடந்து வந்திருந்தார். பெண்ணுக்குக் கல்யாணம், உள்ளே நிச்சயதார்த்தம் வாசித்து முடித்த கையோடு, ஜரிகை வேட்டியும் சந்தனமுமாக, அந்த முதுகை வைத்துக்கொண்டு.

"சாப்பிட வா" என்றார்.

"வண்டி, மாமா..."

"அது எங்கயும் போகாது. வா."

பானெட்டில் கையை ஊன்றி மூச்சு வாங்கினார். "அந்த அம்மா காயத்ரியப் பக்கத்துல உக்கார வெச்சுண்டு, அந்தக் குலவைய எனக்கும் சொல்லிக் குடுன்னு கேட்டுண்டிருக்கா. உன் வண்டி நின்னதுதான் நல்லதாப் போச்சு, போ." சிரித்தார். சிரிக்கும்போது இன்னொரு கை இடுப்பை அழுத்திக்கொண்டிருந்தது. அப்போதுதான் சாந்த்ராகாச்சி ரயிலின் காற்று என் முகத்தில் அடித்தது.

"மாமா, உங்க முதுகு... என் வண்டியால..."

"சீச்சீ. அது உன் வண்டில ஏறறதுக்கு முன்னாடியே உண்டுடா."

திட்டியிருந்தால் அதோடு போயிருக்கும். சில மனிதர்கள் திட்டாமலே ஆளை ஆயுளுக்கும் கட்டிப்போட்டுவிடுகிறார்கள்.

பழைய சக்கரங்களைத் தேடி மறு வாரம் மொண்டலிடம் போனேன். அவை போய்விட்டிருந்தன. அதே மாதிரி வேறு வாங்கி மாட்டினேன். "தாருண்!" என்றார். காவலாளி மறுபடி ஜெனரேட்டர் பக்கம் கையைக் காட்டினான். எங்கள் தமிழ்ச் சங்கத்தில் அந்த ட்ராம் கல்யாணத்தை இன்றைக்கும் கதையாகச் சொல்கிறார்கள். அந்தக் கதையில் நான் இல்லை. "நடுவுல ஏதோ ஒரு கார் நின்னுடுத்து பாரு" என்று வருகிறதே, அந்த 'ஏதோ ஒரு கார்' மட்டும் உண்டு. சொல்பவர்களுக்கு அது யாருடையது என்று தெரியும். நான் கூடத்தில் உட்கார்ந்திருப்பதால் சொல்வதில்லை. அந்த நாகரிகம்.

இப்போது அரவிந்த் என்னை ராஷ்பிஹாரி அவென்யூவுக்குத்தான் அழைத்துப் போனான். வழியெல்லாம் என் பால் பாக்கெட் மடியில் குதித்தது. பெட்டிக்கடை வாசலில் ஒருமுறை, வேகத்தடையில் ஒருமுறை, தெய்வங்களின் பெயர் எனக்கும் வாயில் வந்தது. "கஷ்டமா இருக்கா அங்கிள்?" என்றான். "சேச்சே" என்றேன். மேலே இருந்த பிடியை இரண்டு கையாலும் பற்றியிருப்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

கணேசன் மாமா போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. காயத்ரி வெளிநாட்டில். அந்தக் கீழ்வீட்டில் இப்போது ஒரு பல் டாக்டர். மஞ்சள் டாக்சியும் அங்கொன்று இங்கொன்றாகத்தான் கண்ணில் படுகிறது. 'ஜாபோ நா' என்று முகத்துக்கு நேரே சொல்ல ஆளில்லை, செல்போனே கேன்சல் செய்துவிடுகிறது. அந்த வழியில் ட்ராம் நின்றுபோய்விட்டது. கம்பிகளை இறக்கிவிட்டார்கள். தண்டவாளத்தின் மேல் தார் ஊற்றி மெழுகிவிட்டார்கள்.

சந்து முனை வந்தது. எனக்குத் தானாகவே உடம்பு இறுகியது. கால், அங்கே இல்லாத பிரேக்கைத் தேடி மிதித்தது. ஒன்றும் நடக்கவில்லை. லைன் இருந்த இடத்தை, பள்ளம் இருந்த இடத்தை, அந்த மெட்டி போட்ட சக்கரங்கள் வழுக்கிக்கொண்டு தாண்டின. மடியில் பால் பாக்கெட் அசையவில்லை.

"பாத்தீங்களா அங்கிள், எவ்ளோ ஸ்மூத்!" என்றான் அரவிந்த்.

"ஆமாம்" என்றேன். அன்று காலை அவனிடம் நான் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம்.